வேலை செய்ய முடியாமல் போனவரும் தோட்டத்துக் கையெழுத்தும்

பாரிசவாதமோ, மலையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு போனதோ, ஒருவர் வேலைக்குப் போக முடியாமல் ஆனால் இலங்கையில் நம் மலையகத் தோட்டங்களில் நடப்பது இதுதான். கொஞ்சக் காலம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், படுத்திருப்பார். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவில், பெயர் வெட்டுவார்கள். பிறகு ஒரு தாள் வரும், கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதில் "சுயவிருப்பின் பேரில் விலகுகிறேன்" என்று இருந்தால் போடாதீர்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டாமல் போடவே போடாதீர்கள்.

வேலை செய்யும் காலத்தில் நம் பெயரில் சேரும் ஊழியர் சேமலாப நிதியைச் சாதாரணமாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதானால்தான் எடுக்கலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவருக்கு இந்த வயதுக் கணக்கு இல்லை. ஆனால் வேலையை விட்டதே அந்த இயலாமையால்தான் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். சுயவிருப்பு என்று எழுதிக் கொடுத்தவர் 42 வயதில் போய் நின்றால், "வயசு வந்ததும் வாங்க" என்பதுதான் பதில். படுத்த படுக்கையில் இருப்பவர் பதின்மூன்று வருஷம் எதைச் சாப்பிடுவார்?

அதனால் முதலில் டாக்டர், பிறகுதான் விலகல் கடிதம். "ஓய்வு தேவை" என்ற துண்டு போதாது. நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள்.

அடுத்த கண்ணி, பெயர். செக்ரோலில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்துலெட்சுமி. இதற்காகவே வருஷக் கணக்கில் பணம் முடங்கிக் கிடக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே சேமலாப நிதி அட்டையையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் சேவைக்காலப் பணமும் உண்டு: நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். விலகி 30 நாளுக்குள் தோட்டம் கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். தானாகக் கொடுக்கும் என்று காத்திருக்காமல் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.

இவை தோட்டத்தில் உழைத்த பணம். அரசாங்கத்தின் மாதாந்த மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு வேறு. 7,500 ரூபாயாக இருந்தது, 2025 ஏப்ரலில் 10,000 ஆனது. வருமானம் குறைந்த குடும்பத்துக்குத்தான். இதற்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும், கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். "உங்க வீட்டுக்குத்தான் அஸ்வெசும (அரசாங்க நிவாரணப் பணம்) வருதே" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். குடும்பத்துக்கு வரும் அஸ்வெசும வேறு, இது வேறு.

மேல் டிவிஷனிலிருந்து நோயாளியை ஆட்டோவில் ஏற்றி, பாதி நாள் சம்பளத்தை அதற்கே கொடுத்து, போய்ப் பார்த்தால் "ஐயா ஃபீல்டுக்குப் போயிட்டார்" என்பார்கள். முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகாமல் வீட்டில் ஒருவர் பத்திரங்களோடு போங்கள். நோயாளியை நேரில் பார்த்தே ஆக வேண்டுமென்றால், உத்தியோகத்தர் லயத்துக்கு வரட்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "லிஸ்டில் இருக்கு" என்றே காலம் தள்ளினால், 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்: காத்திருப்போர் பட்டியலில் என் இலக்கம் என்ன, எனக்கு முன்னால் எத்தனை பேர்? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.