கடித நாவல் என்றே சொல்லுவோம்

முழுக்க முழுக்கக் கடிதங்களாலேயே ஆன ஒரு மாயப் புனைவை, அதாவது ஃபேண்டஸி நாவலை, இப்போது இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கதை சொல்ல என்று தனியாக யாரும் இல்லை. ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் பதில் போடுகிறார். நடுவில் ஒரு கடிதம் வந்து சேராமல் போகிறது. அந்த இடைவெளியில்தான் கதையே திரும்புகிறது. இந்த வகையைப் பற்றித் தமிழில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினால், போன இடமெல்லாம் ஒரே சொல்: கடித இலக்கியம். அறிமுகக் குறிப்பில் அதுதான், பின்னட்டையில் அதுதான், பேசிக் கேட்டாலும் அதுதான். அந்தச் சொல் இங்கே பொருந்தவே பொருந்தாது. ஏன் என்று ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலத்தில் இதற்கு எபிஸ்டோலரி நாவல் என்று பெயர். கிரேக்கத்தில் எபிஸ்டெல்லெய்ன் என்றால் ஒருவருக்கு அனுப்புதல். அதிலிருந்து எபிஸ்டொலே, லத்தீனில் எபிஸ்டோலா, அப்புறம் ஆங்கிலம். அப்போஸ்தலர் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். அனுப்பப்பட்டவர் என்று பொருள். ஆங்கிலத்தில் 1740-இல் வந்த ‘பமீலா’ இந்த வடிவத்தைப் பெரிய அளவில் பரப்பியது. ஜெர்மனில் கோதேயின் ‘வெர்தர்’ 1774-இல் வந்தது. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

இனி கடித இலக்கியத்துக்கு வருவோம். தமிழில் இந்தத் தொடருக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு, அது உறுதியாக நிலைத்தும் விட்டது. ஒருவர் இன்னொருவருக்கு உண்மையிலேயே எழுதிய கடிதங்கள், பின்னால் இலக்கியமாக மதிக்கப்பட்டுத் தொகுக்கப்பட்டால் அது கடித இலக்கியம். புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை, ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதியவை, கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதியவை எல்லாம் இந்த வகை. அண்ணா தம்பிக்கு எழுதியவை பத்திரிகை வழியாகப் பல்லாயிரம் பேரிடம் போனவை. ஆனாலும் எழுதியவர் அண்ணாதான், பேசுவது அவருடைய குரல்தான்.

கடித நாவலில் இந்த அடிப்படையே தலைகீழ். கடிதம் எழுதுபவர் பிறக்காதவர், பெறுபவரும் பிறக்காதவர். ஆசிரியர் ஒரு வரிகூடத் தன் பெயரில் எழுத மாட்டார். கமலாவுக்குப் போன கடிதத்தைப் படிக்கும்போது, நமக்கு எழுதப்படாத ஒன்றைப் பார்க்கிறோம் என்ற கூச்சம் வருகிறது. கடித நாவலைப் படிக்கும்போது அந்தக் கூச்சத்தையே ஆசிரியர் திட்டமிட்டு நமக்குள் உண்டாக்குகிறார். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், அந்தத் திட்டம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். நாடகத்தில் வரும் நீதிமன்றக் காட்சியைச் சட்ட இலக்கியம் என்று யாராவது சொல்வார்களா?

எல்லைக்கோட்டில் நிற்கும் நூல்களும் உண்டு. மு. வரதராசனாரின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’ போன்றவை கற்பனைப் பாத்திரங்கள் எழுதும் கடிதங்கள்தான். ஆனால் அவற்றில் நகர்வது கருத்து; கதை நகராது. அவற்றைக் கடித இலக்கியத்தில் வைத்துப் பாடம் நடத்துவதில் எனக்குச் சங்கடம் இல்லை. ஒரு கடிதம் தாமதமாக வந்ததால் ஒருவரின் வாழ்க்கை மாறினால் மட்டும் அது நாவல் பக்கம் வந்துவிடும். என்னுடைய உரைகல் இதுதான்: கடிதங்களின் வரிசையை மாற்றிப் படித்துப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்றால் கடித இலக்கியம். கதை சிதைந்தால் கடித நாவல்.

மாயப் புனைவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. சாதாரணமாக அப்படிப்பட்ட நாவலில் ஒரு கதைசொல்லி நின்று, இந்த உலகத்தில் இரண்டு நிலவுகள், இந்த ஊரில் இறந்தவர்கள் பேசுவார்கள் என்று நமக்கு விளக்குவார். கடிதத்தில் அது முடியாது. இரண்டு நிலவுகளுக்குக் கீழே வாழும் ஒருத்தி, அதே நிலவுகளுக்குக் கீழே வாழும் தன் அண்ணனுக்கு அதை விளக்கிக்கொண்டிருக்க மாட்டாள். “சின்னது மறைவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன், கவலைப்படாதே” என்றுதான் எழுதுவாள். சின்னது எது, அது மறைந்தால் என்ன ஆகும், அண்ணன் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதையெல்லாம் நாம்தான் இட்டு நிரப்ப வேண்டும். எழுதுபவளுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. படிக்கும் நமக்கோ, கையில் மீதிப் பக்கங்கள் எத்தனை என்று தெரியும். இந்த உத்தி முழுவதும் நாவலாசிரியரின் உழைப்பு. கடித இலக்கியம் என்ற பெயர் அதில் ஒரு துளியைக்கூடச் சொல்லவில்லை.

சரி, அது வேண்டாம் என்றால் உடனே தூயதமிழ் அன்பர்கள் சிலர் மடற்புதினம் என்று எடுத்து வருகிறார்கள். எனக்கும் தூயதமிழில் பற்று உண்டு. ஆனால் மடல் ஏற்கெனவே ஓர் இலக்கிய வகையின் பெயர். காதலியை அடைய முடியாதவன் பனைமடலால் குதிரை செய்து அதன்மேல் ஏறி வருவதாக மிரட்டுவானே, அந்த மடல். திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலும் பெரிய திருமடலும் அந்த வழியில் வந்தவை, கடிதங்கள் அல்ல. அவற்றைப் பெருமாளுக்கு எழுதிய கடிதம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களை நேரில் பார்த்திருக்கிறேன். குற்றம் அவர்கள்மேல் இல்லை. கடிதம் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் மடல் என்று எழுதிப் பழக்கியவர்கள்மேல்தான். ஓர் அழகான பழைய சொல்லை எடுத்துப் புதுப் பொருளில் போடும்போது, பழைய பொருளுக்குப் போகும் வழி அடைபடுகிறது.

நிருப நாவல் என்றும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். நிருபம் என்றால் படிப்பவருக்கு விவிலியத்தில் பவுல் எழுதியவை நினைவுக்கு வரும், இல்லையென்றால் செய்தி சேகரிக்கும் நிருபர் நினைவுக்கு வருவார். திருமுகம் இன்னும் உயரத்தில் இருக்கிறது: கத்தோலிக்க வழக்கில் பவுலின் கடிதங்கள் திருமுகங்கள், சைவத்தில் பாணபத்திரருக்காக ஆலவாய் இறைவனே சேரமான் பெருமாளுக்கு எழுதியனுப்பியது திருமுகப் பாசுரம். கடவுள் கைப்பட எழுதும் இடத்துக்குரிய சொல்லை, இரண்டு சூனியக்காரிகள் வம்பு பேசும் கதைக்குப் போட வேண்டியதில்லை.

தூய்மை பேசுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளே இந்த வடிவத்தில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். 1921-இல் வந்த அதற்கு அவர் வைத்த பெயர் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’. தம் பெயரையே வேதாசலம் என்பதிலிருந்து மாற்றிக்கொண்டவருக்குக் கடிதம் என்ற சொல் உறுத்தவில்லை. நமக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது?

ஆகவே கடித நாவல். நாவல் வேண்டாம் என்பவர்கள் கடிதப் புதினம் என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சம்மதம். கடித நாவல் என்றால் கடிதத்தைப் பற்றிய நாவல் என்று பொருள்படாதா, துப்பறியும் நாவல், வரலாற்று நாவல் என்பதுபோல, என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் தமிழில் கவிதை நாடகம் என்றும் சொல்கிறோம். 1891-இல் வந்த மனோன்மணீயம் கவிதையைப் பற்றிய நாடகம் அல்ல, கவிதையால் ஆன நாடகம். வசனகவிதையும் அப்படித்தான். முன்சொல் வடிவத்தைக் குறிப்பது நம் மொழிக்குப் பழக்கமானது. கடித வடிவ நாவல் என்று நீட்டவும் தேவையில்லை. ‘டிராகுலா’ போல நாட்குறிப்பு, தந்தி, செய்தித்தாள் துணுக்கு எல்லாம் கலந்து வந்தால் ஆவண நாவல் என்று பிரித்துச் சொல்லலாம்.

ஃபேண்டஸியைக் கற்பனை நாவல் என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். எல்லா நாவலும் கற்பனைதான். மாயப் புனைவு, மிகுபுனைவு என்று நல்ல சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

பெயரில் காட்டும் இந்த அலட்சியம் மொழிபெயர்ப்புக்குள்ளும் இறங்குகிறது. கடித நாவலில் விளிச்சொல்தான் கதையின் நாடித்துடிப்பு. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே முன்னிலைச் சொல். தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிகள் இருக்கின்றன. அறிமுகமில்லாத இருவர் எழுதத் தொடங்கி நெருங்கும்போது, எந்தக் கடிதத்தில் ‘நீங்கள்’ ‘நீ’ ஆகிறது என்பது மூலத்திலேயே இல்லாத ஒரு வாய்ப்பு. அதை யோசித்துச் செய்பவர்கள் குறைவு. முதல் கடிதம் முதல் கடைசிக் கடிதம் வரை, பகைவனுக்கும் தாய்க்கும், ‘அன்புள்ள’ என்று தொடங்கி ‘இப்படிக்கு, உங்கள் உண்மையுள்ள’ என்று முடித்துவிடுகிறார்கள். விடுப்பு விண்ணப்பம்போல இருக்கிறது.

விளிச்சொல் என்ன செய்யும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தையே பார்க்கலாம். கோவலனுக்கு மாதவி அனுப்பிய இரண்டாவது முடங்கலை, அதாவது ஓலைக் கடிதத்தை, கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்து தருகிறான். “அடிகள் முன்னர் யானடி வீழ்ந்தேன்” என்று தொடங்குகிறது அது. படித்த கோவலன், இந்த வாசகம் என் பெற்றோருக்கும் அப்படியே பொருந்துகிறது என்று சொல்லி, அதே முடங்கலை அவர்களிடம் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். அவள் ‘அடிகள்’ என்று எழுதியிருந்ததால் அது முடிந்தது. அந்த இடத்தில் ‘அன்பே’ என்று எழுதியிருந்தால் அந்த ஓலை கோவலன் கையிலேயே நின்றுபோயிருக்கும்.