பாதியில் நின்ற லினக்ஸ் மேம்படுத்தலும் பொதிகளின் கணக்கேடும்

ஏற்காட்டில் ஐப்பசி மழை வலுத்த ஒரு மாலையில், உறவினர் ஒருவரின் காப்பித் தோட்ட வீட்டில், அவருடைய பழைய மடிக்கணினியை உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04 பதிப்புக்கு மேம்படுத்திக்கொண்டிருந்தேன். பேட்டரி எப்போதோ உயிரைவிட்டு, சார்ஜர் கம்பியை நம்பியே ஓடிக்கொண்டிருந்த கணினி அது. பாதி வேலையில் மின்சாரம் போனது. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் இயக்கியபோது, மென்பொருளை நிறுவும் கருவியான டிபிகேஜி (dpkg) இடையில் தடைபட்டது என்றும், விட்ட வேலையைக் கைமுறையாக முடிக்க வேண்டும் என்றும் டெர்மினலில் செய்தி வந்தது. "நாளைக்குச் சேலத்துக்கு எடுத்துப்போய் ஃபார்மட் போட்டுவிடலாம்" என்றார் உறவினர். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச்செல்ல வேண்டிய அளவுக்கு அந்தக் கணினிக்கு எதுவும் ஆகியிருக்கவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதை அறிய, மென்பொருள் கணினிக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்க வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தை இயன் மர்டாக் 1993-இல் தொடங்கினார். உபுண்டு அந்த டெபியனை அடித்தளமாகக் கொண்டது. இரண்டிலும் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டு வருகிறது. அந்தப் பொதியைப் பிரித்து வட்டில் வைக்கும் கருவி டிபிகேஜி. எந்தப் பொதிக்கு எந்தப் பொதி துணையாக வேண்டும், அவற்றை எங்கிருந்து இறக்குவது, எந்த வரிசையில் டிபிகேஜியிடம் கொடுப்பது என்று முடிவு செய்வது அதன்மேல் அமர்ந்திருக்கும் ஆப்ட். இது 1999-இல் டெபியன் 2.1 பதிப்போடு வந்தது.

டிபிகேஜி தன் வேலையை இரண்டு கட்டமாகச் செய்கிறது. சேலம் லீ பஜாரில் லாரியிலிருந்து மூட்டைகளை இறக்கி வைப்பது ஒரு வேலை, இறக்கிய சரக்கை எடைபோட்டு, அடுக்கி, விலை எழுதி விற்பனைக்கு ஆயத்தப்படுத்துவது இன்னொரு வேலை. அதுபோல முதலில் பொதியின் கோப்புகள் பிரித்து வைக்கப்படுகின்றன. பிறகு அமைவு என்னும் இரண்டாம் கட்டத்தில், பொதியோடு வந்த சிறு நிரல் ஓடி, பயனர் கணக்கை உருவாக்குவது, சேவையைத் தொடங்குவது போன்ற வேலைகளைச் செய்கிறது. ஒரு பொதியின் அமைவு நிரலுக்கு வேறொரு பொதியின் நூலகம் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பு) தேவைப்படலாம் என்பதால், துணைப்பொதிகள் ஆயத்தமாகும்வரை அது காத்திருக்க வேண்டியிருக்கிறது. கட்டங்கள் இரண்டாகப் பிரிந்திருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஒவ்வொரு பொதியும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை, பிரிக்கப்பட்டது, பாதி அமைந்தது, நிறுவப்பட்டது என்பன போன்ற குறிப்புகளோடு, 'ஸ்டேட்டஸ்' என்ற வெறும் எழுத்துக்கோப்பு ஒன்றில் டிபிகேஜி எழுதி வைக்கிறது. மண்டிக் கணக்கேடு என்றே அதைச் சொல்லலாம்.

மின்சாரம் போனாலும் ஏடு நிற்கிறது. கோப்புகளையும் டிபிகேஜி போகிறபோக்கில் அழித்து எழுதுவதில்லை. புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி வட்டில் பதித்த பிறகே, பழைய பெயருக்கு மாற்றுகிறது, பெயர்மாற்றம் ஒரே நொடிப்பில் நடக்கும் செயல் என்பதால், அந்தப் பெயரில் பழையது இருக்கும், அல்லது புதியது இருக்கும், பாதிக்கோப்பு இருப்பதில்லை. ஆகவே டிபிகேஜியை 'கான்ஃபிகர்' என்ற தேர்வோடும் 'எல்லாவற்றையும்' என்று பொருள்படும் 'ஏ' என்ற தேர்வோடும் இயக்கினால், அது ஏட்டைப் புரட்டி, அமைவு முடியாத பொதிகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறது.

ஏற்காட்டில் அதைச் செய்தேன். பத்து நிமிடம் ஓடிவிட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட பொதிகளின் பெயரைப் பட்டியலிட்டு நின்றது. இந்தப் பட்டியலைக் கண்டுதான் பலரும் மிரண்டுபோகிறார்கள். அதில் இருப்பவற்றில் பெரும்பாலானவை குற்றவாளிகள் அல்ல, பாதிக்கப்பட்டவை: ஒரு பொதியின் அமைவு தோற்றால், அதைச் சார்ந்தவை, அவற்றைச் சார்ந்தவை என்று எல்லாமே அமைக்கப்படாமல் விடப்படுகின்றன. ஆப்ட் வழியாக ஓட்டும்போது வரும், டிபிகேஜி பிழை எண் 1-ஐத் திருப்பியது என்ற கடைசி வரியும் எதையும் தெரிவிப்பதில்லை. திரையில் மேலே போய், முதன்முதலாகத் தோற்ற பொதி எது என்று தேட வேண்டும். ஆப்ட் வழியாக ஓட்டியிருந்தால், திரை நகர்ந்துவிட்டாலும் அதன் பதிவுக்கோப்புகளில் அது கிடைக்கும். இங்கே இருந்தது ஒரே வரி: வட்டில் இடமில்லை.

இதுபோல முழு வட்டையும் மறையாக்கம் செய்த கணினிகளில், தொடக்கக் கோப்புகளுக்கான வட்டுப் பகுதியான பூட் பகிர்வு தனியாகவும் சிறியதாகவும் இருக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பழைய பதிப்புகள் அங்கே சேர்ந்துகொண்டே போக, புதிய கெர்னலுக்கான தொடக்க வட்டுப் படிமத்தை எழுத இடம் போதாமல் போகிறது. மேம்படுத்தும் நிரல் தொடங்கும்போதே இடத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் என்றாலும், இங்கே கணக்கு நூலிழையில்தான் தேறியிருந்தது போலும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதைத் தொடாமல், மிகப் பழைய இரண்டை நீக்கினேன்.

இடையில் ஒரு பூட்டும் குறுக்கிட்டது. ஏட்டில் ஒரே நேரத்தில் இருவர் எழுதக்கூடாது என்பதற்காக டிபிகேஜி ஒரு பூட்டுக்கோப்பை வைத்திருக்கிறது. பூட்டைப் பெற முடியவில்லை என்ற செய்தி வந்தவுடன் அந்தக் கோப்பை அழித்துவிடுமாறு சொல்லும் அறிவுரையை நான் ஆபத்தானதாகவே கருதுகிறேன். பூட்டு என்பது அந்தக் கோப்பு இருப்பதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அதைப் பிடித்திருப்பதாகக் கெர்னல் தன் நினைவில் வைத்திருக்கும் குறிப்பு. அந்த நிரல் முடிந்தால் பூட்டு தானாகவே விலகிவிடும். கோப்பை அழித்தால், இரண்டாவது நிரல் அதே பெயரில் புதுக்கோப்பு ஒன்றை உருவாக்கிப் பூட்டிக்கொண்டு, முதல் நிரல் எழுதும் அதே ஏட்டில் தானும் எழுதத் தொடங்கும். பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்புதான் பூட்டை வைத்திருக்கும். சற்றுப் பொறுத்தால் போதும்.

எஞ்சியது சார்புச் சிக்கல் ஒன்று. உறவினரின் மகன் உபுண்டுவுக்கு வெளியே உள்ளவர்கள் நடத்தும் பொதிக் கிடங்கான வெளிக்களஞ்சியம் ஒன்றிலிருந்து ஒளிப்படத் தொகுப்பு மென்பொருளை நிறுவியிருந்தான். மேம்படுத்தும்போது வெளிக்களஞ்சியங்கள் முடக்கப்படும்; ஆனால் அங்கிருந்து ஏற்கெனவே வந்த பொதிகள் கணினியிலேயே தங்கிவிடும். அந்த மென்பொருளோடு வந்த நூலகத்தின் பதிப்பெண், 24.04-இல் உள்ளதைவிடப் பெரியதாக இருந்தது. ஆப்ட் இயல்பாக எந்தப் பொதியையும் பின்னோக்கி இறக்காது என்பதால், 24.04-இன் பதிப்பைத்தான் ஏற்பேன் என்று கேட்ட மற்றப் பொதிகளுக்கு வழி அடைபட்டது. இந்த முடிச்சை ஆப்ட் நொடியில் அவிழ்க்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. பொதிகளின் சார்புகளுக்கு ஒத்துவரும் தொகுதி ஒன்று உண்டா என்ற கேள்வி, கணினியியலில் என்.பி. முழுமை என்று வகைப்படுத்தப்படும் கடினமான கணக்குகளில் ஒன்று. ஆப்ட்டின் 'பாலிசி' கட்டளை, நிறுவியுள்ள பதிப்பையும் களஞ்சியங்களில் கிடைக்கும் பதிப்புகளையும் அருகருகே காட்டும். அதைப் பார்த்து நூலகத்தை 24.04-இன் பதிப்புக்கு இறக்கியபின், உடைந்ததைச் சரிசெய்யும் தேர்வோடு ஆப்ட்டை ஓட்டினேன். மீதமிருந்த பொதிகள் ஒவ்வொன்றாக அமைந்தன.

வெளியே மழை விட்டிருந்தது. டிபிகேஜியின் 'ஆடிட்' கட்டளையை இயக்கினேன். அரைகுறையாக நிற்கும் பொதி ஏதேனும் இருந்தால்தான் அது வாய்திறக்கும். திரையில் ஒரு வரியும் வரவில்லை.