மரத்துப்போகும் கையை உருவிக்கொண்டே இருக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது கை. கட்டைவிரலுக்கு அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றி, அந்த இடம் பள்ளமாகிக் கிடக்கிறது. பொத்தான் போட முடியவில்லை, பிடித்த டம்ளர் நழுவுகிறது என்றான பிறகுதான் அந்த அம்மா வந்தார். ராத்திரியில் கை மரத்துப்போக ஆரம்பித்து இரண்டு வருடமாம். "ரத்த ஓட்டம் சரியில்லைன்னு சொன்னாங்க டாக்டர், உருவி விட்டுக்கிட்டு இருந்தேன்."

யார் சொன்னது என்று கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இது ரத்த ஓட்டம் இல்லை, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்பல் டனல் சிண்ட்ரோம்.

ரத்தம் சரியாகப் போகாத கை வெளுக்கும், சில்லிடும், நாடி தளரும். உங்கள் கை வெதுவெதுப்பாக, நிறம் மாறாமல்தானே இருக்கிறது? அப்புறம், ரத்தக் குறைவு விரல் பார்த்தா மரக்க வைக்கும்? கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. இவ்வளவும் மணிக்கட்டு வழியாகக் கைக்குள் வரும் மீடியன் நரம்பின் பகுதி. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு. "கை முழுக்க மரக்குது" என்பவர்களிடம், இன்று ராத்திரி சுண்டுவிரலை மட்டும் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். பலர் மறுமுறை வரும்போது, "அது நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அதுவும் மரத்தால் முழங்கையையும் கழுத்தையும் பார்க்க வேண்டும்.

"உதறினா சரியாயிடுதே, அப்ப ரத்த ஓட்டம்தானே?" இதுதான் அடுத்த வாதம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் நடுவே குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு இந்த நரம்பும் அதற்குள்தான் போகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் உள்ளே நெருக்கம் கூடும். எழுந்து உதறும்போது மடக்கு விடுபடுகிறது, அவ்வளவுதான். (நான் கேட்கும் முன்பே கையை உதறிக் காட்டுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.)

கம்ப்யூட்டர் தொடாதவருக்கும் கார்பல் டனல் சிண்ட்ரோம் வரும். கீபோர்டின் மேல் இருக்கும் பழி பெரிது, ஆதாரம் அவ்வளவு இல்லை. அதிரும் கருவிகளைப் பிடிப்பதும், அழுத்திப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும்தான் அதைவிடச் சந்தேகத்துக்குரியவை. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், உடல் பருமன், பழைய மணிக்கட்டு முறிவு எல்லாம் காரணமாகலாம். கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணிந்துவிடும். மற்றவர்கள் சர்க்கரையையும் தைராய்டையும் சோதித்துவிடுங்கள்.

ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளிண்ட் போடுங்கள். இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம், நெருக்கத்தில் இருக்கும் நரம்பை இன்னும் நெருக்காதீர்கள். ஒன்றரை மாதம் போட்டும் குறையவில்லையா, நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்து, ஊசியா அறுவை சிகிச்சையா என்று முடிவு செய்யலாம். அந்தத் தசைநாரை வெட்டிவிடும் சின்ன அறுவை சிகிச்சைதான், கையை மட்டும் மரக்க வைத்தே செய்யலாம். பகலிலும் மரத்தே இருக்கிறது, கட்டைவிரலில் பலமில்லை என்றால் தயவுசெய்து ஒன்றரை மாதம் எல்லாம் காத்திருக்காதீர்கள். உணர்வில்லாத விரலில் சூடு பட்டாலும் தெரியாது.

அந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. ராத்திரித் தொல்லை குறையும், ஆனால் வற்றிய சதை திரும்பும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இடது கையை நீட்டி, இதிலும் இப்போது ராத்திரியில் லேசாக மரக்கிறது என்றார். அதில் சதை இன்னும் வற்றவில்லை. ஸ்ப்ளிண்ட்டை அங்கேயே மாட்டிப் பார்த்து அனுப்பினேன்.