வான்வழித் தொலைவா, காற்றுத் தூரமா?

விமானப் பயணச்சீட்டு எடுக்கும் செயலி ஒன்று, தமிழுக்கு மாற்றிப் பார்த்தால், ‘சென்னை – மதுரை காற்று தூரம் 420 கி.மீ.’ என்று காட்டுகிறது. இதே தொடரை விளம்பரங்களில் பலமுறை கண்டும் பேசாமல் இருந்தேன். சென்ற வாரம் அதைக் கைப்பேசியில் படித்த எங்கள் மேல்வீட்டுப் பெரியவர், “ஏம்ப்பா, காத்து எந்தப் பக்கம் அடிச்சா இந்தத் தூரம்?” என்று கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொலைவு, ‘தொலை’ என்னும் அடியிலிருந்து வந்தது, தூரம் வடசொல். இரண்டில் எதை எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. சண்டை முன்னால் நிற்கும் ‘காற்று’ பற்றியது. ஆங்கிலத்தின் ‘ஏர்’ நாம் மூச்சில் இழுப்பதையும் குறிக்கும், வானத்தின் வழியே செல்வதையும் குறிக்கும். தமிழோ இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. சைக்கிள் கடையில் அடிப்பது காற்று. கடிதம் விமானத்தில் போனபோது வான் அஞ்சல் என்றோம். படையை விமானப்படை என்றோம். மீனம்பாக்கத்துக்கு ஆட்டோ பேசும் எவரும் ‘காற்று நிலையம்’ என்று கேட்டதில்லை. இந்த வரிசையில் வான்வழித் தொலைவு என்பது எவரும் புதிதாகப் படைக்க வேண்டாத சொல். மொழிபெயர்ப்பவர் அகராதியின் முதல் பொருளோடு எழுந்துவிடுகிறார். ‘காற்றுத் தூரம்’ என்று ஒற்றாவது போட்டிருக்கலாம், அதுவும் இல்லை.

ஆங்கில மரபைப் பின்பற்றி, நேர்கோட்டுத் தொலைவை ‘காக்கை பறக்கும் தூரம்’ என்று எழுதுவோரும் உண்டு. எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்த சோற்றை எடுக்கும் காக்கை, முதலில் தண்ணீர்த் தொட்டிக்கும், பிறகு மின்கம்பிக்கும், அப்புறமே வேப்பமரத்துக்கும் போகிறது. நேர்கோட்டுக்கு அதை எப்படிச் சான்றாக்குவது?

வேடிக்கை என்னவென்றால், பெரியவரின் கேள்வியில் வானோட்டத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானத்தை 100 கி.மீ. வேக எதிர்க்காற்று தடுத்தால், அது ஒரு மணி நேரத்தில் காற்றினூடே 800 கி.மீ. கடந்தாலும் தரையின் மேல் 700 கி.மீ.தான் நகர்ந்திருக்கும். அந்த முதல் அளவைக் காற்றுத் தொலைவு என்றால் பொருந்தும். பயணி பார்க்கும் 420 அதுவன்று; பூமியுருண்டையின் மேல் இரு விமான நிலையங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைவின் நீளம் அது. ரயில் பாதையோ 490 கி.மீ.க்கு மேல்.

ஆங்கிலத்தின் ‘ஃபிளைட் டைம்’ அதே செயலிகளில் ‘விமான நேரம்’ ஆவதும் இதே கைவரிசைதான். அதைப் படிப்பவர் விமானம் புறப்படும் நேரம் என்றே கொள்வார். அட்டவணையில் உள்ளது, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் நிற்கும் வரையிலான பயண நேரம். ஓடுதளத்தை விட்டு எழும்பித் தரையைத் தொடும் வரையுள்ளது பறப்பு நேரம். குளிர்காலத்தில் மேலைக்காற்று வலுக்கும்போது தில்லியிலிருந்து கொல்கத்தா செல்வதைவிடத் திரும்பி வரக் கூடுதல் நேரமாவது, தொலைவு மாறியதால் அன்று, எதிர்க்காற்றில் பறப்பு நேரம் நீள்வதால்.