விந்தணுப் பரிசோதனை ஏன் எப்போதும் கடைசியில்?

கோலாலம்பூரில் என் கிளினிக்குக்குக் குழந்தை வேண்டி வரும் பெண்கள் பலர் கையில் கனமான ஃபைல் இருக்கும். ஹார்மோன் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே எல்லாம் இருக்கும். கணவருடைய ரிப்போர்ட் ஒரு தாள்கூட இருக்காது. கேட்டால், கூட வந்த மாமியார் முந்திக்கொள்வார்: "அவனுக்கென்ன டாக்டர், நல்லாத்தானே இருக்கான்!"

தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத, திடகாத்திரமான ஆணுக்கும் விந்தில் அணுவே இல்லாமல் போகலாம். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது.

பரிசோதனையோ எளிது. 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்க்க வேண்டும். ஃபெடரல் ஹைவே ஜாமை நினைத்தால் லேப்பிலேயே கொடுப்பதுதான் நல்லது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் அணுக்கள். அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தம் இல்லை. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல் மறுபடியும் எடுத்துப் பார்ப்போம்.

இப்போது என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஜிம் ஊசி. உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் போடும் தம்பிமார்கள் அது ஆண்மையைக் கூட்டும் என்று நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். ஹார்மோன் வெளியிலிருந்து வந்ததும், விரைகளை வேலை வாங்கும் சுரப்புகளை மூளை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஊசியை விட்டால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாதம் பிடிக்கிறதே! சிகரெட்டை விட்டவர்களும் அடுத்த வாரமே ரிப்போர்ட் மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பெண் பக்கம் பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் கருமுட்டை சரியாக வெளிவராத நிலை), எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), கருக்குழாய் அடைப்பு எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து வாருங்கள்; மனைவிக்கு 35 வயதாகிவிட்டால் ஆறு மாதம் போதும். பத்துமலையில் கரும்புத் தொட்டில் எடுப்பதாக வேண்டிக்கொள்ளுங்கள், தாராளமாக. அதே வாரத்தில் லேப்புக்கும் ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.

அப்புறம், பணத்தை நினைத்துத் தள்ளிப்போடுபவர்களுக்கு: ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) போன்ற சிகிச்சைகளுக்கு ஈபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாம், வருமான வரியிலும் கழிவு உண்டு.