சக்கரத்தைத் திருப்பிய எலி

"நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்கிறார்களே, அதற்கு மூளைக்குள் ஏதாவது அடிப்படை இருக்கிறதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

நினைப்பதெல்லாம் நடந்துவிடாது. எண்ணங்கள் அலைகளாகக் கிளம்பிப் போய்ப் பிரபஞ்சத்திலிருந்து வேலையையும் பணத்தையும் இழுத்து வரும் என்று சொல்பவர்கள் கையில் ஒரு சான்றும் இல்லை. அதை விற்றுப் பிழைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட உண்டு. ஆனால் ஒருவர் வழக்கமாக எப்படி நினைக்கிறார் என்பது அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்பெறும் என்று 1949இல் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் ஊகித்தார். 1973இல் பிளிஸ், லோமோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் முயலின் மூளையில் அதை அளந்தே காட்டினார்கள். ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த முறை இன்னும் எளிதாக வரும். இது பலருக்கும் தெரிந்ததுதான்.

அது வாழ்க்கையைத் தொடுகிறதா? 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் சூசன் நோலன்-ஹெக்சிமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்திருந்தார். சோர்வையே அசைபோட்டுக்கொண்டிருப்போம் என்றவர்கள், நடுக்கம் முடிந்து ஏழு வாரம் கழித்தும் மற்றவர்களைவிட அதிகமாகத் துவண்டிருந்தார்கள். எண்ண வழக்கத்தை முன்கூட்டியே பதிவு செய்திருந்ததுதான் இந்த ஆய்வின் அழகு.

சரி, இப்போது நான் சொல்ல ஆசைப்பட்ட கதைக்கு வருகிறேன்.

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளைஞர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படிக்கவே மனம் கனக்கும் சோதனை அது. சில நாய்களுக்கு ஷாக் வரும்போது பக்கத்துப் பலகையைத் தலையால் அழுத்தினால் நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு ஷாக். ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. மறுநாள், தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பித்துவிடலாம் என்கிற பெட்டியில் அவற்றை விட்டார்கள். முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்தபடி வலியைத் தாங்கிக்கொண்டன. 'என்ன செய்தாலும் பயனில்லை' என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கற்றுக்கொண்ட கையறுநிலை என்று இதைச் சொல்லலாம். கை அற்றுப்போன நிலை: எத்தனை பொருத்தமான பழஞ்சொல்!

செலிக்மன் மனிதர்களின் எண்ணங்கள் பக்கம் போனார். ஒரு தோல்வி வந்ததும் 'எனக்கு எப்போதுமே இப்படித்தான், எல்லாவற்றிலும் இப்படித்தான்' என்று விளக்கிக்கொள்ளும் வழக்கத்தை ஆராய்ந்தார். மேயர் மூளைக்குள் இறங்கினார். கொலராடோவில் பல ஆண்டுகள் எலிகளோடு வேலை செய்தார்.

இரண்டு எலிகள், தனித்தனிப் பெட்டிகள். இரண்டின் வாலிலும் ஷாக். இரண்டுக்கும் முன்னால் ஒரு சின்னச் சக்கரம். முதல் எலி சக்கரத்தைத் திருப்பினால் இருவருக்கும் ஷாக் நின்றுவிடும். இரண்டாவது எலியின் சக்கரம் எதனோடும் இணைக்கப்படவில்லை. வலி இம்மி பிசகாமல் ஒன்றுதான். அப்புறம் இரண்டாவது எலி மட்டும் துவண்டுபோகிறது.

மூளைத்தண்டில் டார்சல் ரஃபே என்ற சிறிய நரம்பணுத் திரள் இருக்கிறது. கடுமையான வலி நீடித்தால் அது செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. அச்சம் ஏறுகிறது, தப்பி ஓடுவதற்கான சுற்றுகள் அடங்கிப்போகின்றன. 'பயனில்லை' என்று எலி கற்றுக்கொண்டதால்தான் இது விழிக்கிறது என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல். அவ்வளவு நுட்பமான கணக்கைப் போடும் வசதி மூளைத்தண்டுக்குக் கிடையாது. வலி வந்தாலே அது விழித்துவிடும், இரண்டு எலிகளிலும். முதல் எலியில் மட்டும் முன்மூளைப் புறணியின் நடுப்பகுதி 'நான் திருப்பினேன், நின்றது' என்ற தொடர்பைக் கண்டுகொள்கிறது. உடனே கீழே தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவல் டார்சல் ரஃபேயிலேயே இருக்கும் அடக்கும் நரம்பணுக்களைத் தட்டி எழுப்ப, அவை செரட்டோனின் அணுக்களை அடக்குகின்றன. ஒரு பிரேக், அவ்வளவுதான்.

2005இல் வெளிவந்த ஆய்வில் மேயரின் குழு, முதல் எலியின் முன்மூளையில் அந்தப் பகுதியை மட்டும் மருந்தால் சற்று நேரம் முடக்கியது. எலி வழக்கம்போலவே சக்கரத்தைத் திருப்பியது, ஷாக்கை நிறுத்தியது. ஆனாலும் இரண்டாவது எலியைப் போலவே துவண்டுபோனது! வலியை நிறுத்தியது அதன் கால்கள்தான். அந்தச் செய்தி பிரேக்கைப் போய்ச் சேரவில்லை. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆண்டு இன்னொன்றும் தெரியவந்தது. ஒரு முறை சக்கரத்தைத் திருப்பிப் பழகிய எலியை ஒரு வாரம் கழித்துத் தப்பவே முடியாத ஷாக்கில் விட்டாலும் அது துவளவில்லை. முந்தைய அனுபவம் முன்மூளையில் பதிந்துவிட்டிருந்தது. நினைவு பதியத் தேவையான புதிய புரதம் அந்த இடத்தில் உருவாவதைத் தடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

2016இல் மேயரும் செலிக்மனும் சேர்ந்து, தங்கள் பழைய விளக்கம் தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். நீடித்த துன்பத்தில் துவண்டுபோவதை யாரும் கற்க வேண்டியதில்லை. அது மூளையில் முதலிலேயே இருக்கிறது. 'என்னால் ஏதாவது செய்ய முடியும்' என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஒரு கேள்வி, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு. மூன்று ஆண்டுக்குள் என்ன பயன் என்று கேட்டு நிதி ஒதுக்கும் முறையில் இந்த ஆய்வு பாதியிலேயே நின்றிருக்கும். அடிப்படை ஆய்வுக்குப் பொறுமையாகப் பணம் கொடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

எலி மனிதன் அல்ல. அதோடு, சிலருடைய சக்கரம் உண்மையாகவே எதனோடும் இணைக்கப்படவில்லை. வறுமையிலும் கொடுமையிலும் சிக்கியவரின் 'பயனில்லை' என்ற எண்ணம் அவர் கண்ட நிலவரம். அவரிடம் எண்ணத்தை மாற்று என்பது அநியாயம். நோயாளிகளிடம் சொல்வதும் அப்படியே: தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2007இல் வந்த ஆய்வில், மனநிலைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு தென்படவில்லை.

இணைக்கப்பட்ட சக்கரம் இருந்தும் அதைத் தொடாமல் இருப்பவர்களுக்கு என்ன வழி? 1996இல் நீல் ஜேக்கப்சன் குழு மனச்சோர்வுள்ள 150 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தது. எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சையும், சிறு சிறு செயல்களில் இறங்கவைக்கும் பகுதி மட்டுமேயான சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. 'நான் செய்தேன், நின்றது' என்ற அனுபவம்தான் பிரேக்கை இயக்குகிறது என்று பார்த்தபின் எனக்கு இதில் வியப்பில்லை.

அந்த நாய்களை அப்படியே விட்டுவிடவில்லை. 1968இல், துவண்டுகிடந்த நான்கை எடுத்துக்கொண்டார்கள். தடுப்பை எடுத்துவிட்டு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், பெரிதாகப் பலனில்லை. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்தார்கள். அந்தப் பக்கம் போனதும் ஷாக் நின்றது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி நின்றது. பல முறை. போகப்போக இழுக்க வேண்டிய வலு குறைந்துகொண்டே வந்தது. பிறகு நான்கும் தாமாகவே தாண்டின.