முதுகுக்குள் ஊறும் தண்ணீர்

பினாங்கில் காலை ஏழு மணிக்குத்தான் வெளுக்கத் தொடங்கும். அந்நேரத்தில் தண்ணீர்மலைப் பக்கமுள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போனால், காரை நிறுத்திய கையோடு குனிந்து கால் கட்டைவிரலைத் தொடப் போராடும் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். எங்கள் நடைக்குழுவில் ஓர் அங்கிள் அப்படித்தான். விரல்நுனி முழங்காலைத் தாண்டி ஒரு சாண் இறங்கியதும் நின்றுவிடும். "துருப்பிடிச்சிருச்சு தம்பி" என்பார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, எம்பி எம்பி இன்னும் இரண்டு அங்குலம் இறங்கப் பார்ப்பார்.

அவர் முதுகு துருப்பிடிக்கவும் இல்லை, காய்ந்துபோகவும் இல்லை. அந்நேரத்து முதுகில் தண்ணீர் கூடுதல்.

முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24. அவற்றுக்கு மெத்தைபோல 23 வட்டுகள். 'ஜவ்வு விலகிடுச்சு' என்று வீட்டில் பேசுகிறோமே, அந்த ஜவ்வு இதுதான். நடுவில் ஜெல்லி, அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக நார்வளையம். ஜெல்லிக்கு நீரை இழுக்கும் குணம் உண்டு. பகலெல்லாம் நம் எடை அதைப் பிழிகிறது. இரவு படுத்ததும் இழந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் காலையில் நாம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கிறோம்.

என் பாட்டி கெடாவில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் இறங்காது என்பார். இரவில் வேர் உறிஞ்சிய நீர் மரத்தின் பால்குழாய்களை விம்ம வைத்திருக்கும். வெயில் வந்து இலைவழியே நீர் ஆவியாகத் தொடங்கியதும் அந்த அழுத்தம் தளர்ந்துவிடும். வட்டின் கதையும் ஏறக்குறைய இதே. மரம் விம்மியிருந்த அதே நேரத்தில்தான், வட்டு விம்மிய முதுகோடு பாட்டி அடிமரத்தில் குனிந்து கோடு கிழித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

விம்மிய வட்டு வளைய மறுக்கும். ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1987இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். காலையில் குனியும்போது வட்டில் ஏறும் வளைவு அழுத்தம், நாளின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் சுமார் 300 சதவீதம் கூடுதல். முதுகெலும்புகளைப் பிணைக்கும் நார்களில் 80 சதவீதம். 1998இல் வெளியான ஸ்னூக் குழுவின் ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் காலையில் எழுந்தவுடன் குனிவதைத் தவிர்த்துவந்ததில் வலி குறைந்தது. மருந்தில்லை, பயிற்சியில்லை. இரவில் கூடிய உயரத்தில் பாதி, எழுந்து நடமாடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். ஆகவே முதலில் நடங்கள், பிறகு குனியுங்கள்.

அடுத்தது அந்த எம்பி எம்பிக் குனிவது. தசைக்குள் நீட்சியை அளக்கும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் 'கிழியப் போகிறது' என்று தண்டுவடத்துக்குச் செய்தி போகும். தசை உடனே சுருங்கும். டாக்டர் முழங்காலில் தட்டினால் கால் உதைக்கிறதே, அதே அனிச்சைதான். மெதுவாக நீட்டி, 30 விநாடி அப்படியே இருந்தால் போதும். தொடையின் பின்தசையை வைத்துச் செய்த ஆய்வில் 60 விநாடிக்கும் 30 விநாடிக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது.

சில வாரங்களில் உடல் இளகும். ஆனால் தசை நீளமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி, இந்த இழுப்பு ஆபத்தில்லை என்று நரம்பு மண்டலம் பழகிக்கொள்வதுதான். பழக்க வேண்டிய பிள்ளையை அடித்துப் பழக்க முடியாது.

இன்னொன்று, குனிய முடியாததற்குப் பலமுறை குற்றவாளி முதுகே இல்லை. தொடையின் பின்தசை, நாம் உட்காரும் எலும்பில் போய் ஒட்டுகிறது. அது இறுகியிருந்தால் இடுப்புக்கூடு முன்னால் சாயாது. மிச்சத்தைக் கீழ்முதுகு கூன் போட்டு ஈடுகட்டும். அதனால் நான் சொல்வது ஒரே பயிற்சி. மல்லாந்து படுத்து, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, காலை மேலே தூக்குங்கள். முழங்கால் லேசாக மடங்கினால் பரவாயில்லை. முதுகு முழுக்கத் தரையில் இருப்பதால் வட்டுக்குச் சுமை குறைவு, இழுப்பு போக வேண்டிய இடத்துக்கே போகும். ஒரு பக்கத்துக்கு 30 விநாடி, இரண்டு மூன்று முறை. கால்வழியே மின்சாரம்போல் சுரீரென்றால் அது தசையல்ல, நரம்பு, இறக்கிவிடுங்கள்.

நாற்காலியைப் பிடித்து இடுப்பை முறுக்கி 'படக்' சத்தம் வரவழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்முதுகின் மூட்டுகள் திரும்புவதற்கு அமைந்தவை அல்ல, ஒரு மூட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரிதான். திரும்புவது நெஞ்சுப்பகுதி முதுகின் வேலை.

எலும்பு மெலிந்த ஆன்ட்டிகள் குனியும் பயிற்சிகளை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அந்த எலும்பு முன்பக்கம் நசுங்கலாம். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ பயிற்சி, தைலம் எதுவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

போன வாரம் அங்கிளை எப்படியோ பேசிப் பூங்காவை முதலில் சுற்ற வைத்தோம். வெயில் நன்றாக ஏறியபின் குனிந்தார். விரல் இரண்டு அங்குலம் கூடுதலாக இறங்கியது, எம்பாமலேயே. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி தேய்ச்ச தைலம் நல்லா வேலை செய்யுது தம்பி."